மந்திரவாதிக்கு ஒரு அஞ்சலி போஸ்டர்

கம்பவுண்டர் கொண்டுவரும் தாளில் ஒரு பக்கம் மாடு இருக்கும், மறுபக்கம் ஆவி இருக்கும். மாட்டாஸ்பத்திரியில் பயன்படாமல் போன தடுப்பூசிப் படிவங்களின் முதுகில்தான் அவர் நாவல் எழுதுவார். முன்பக்கத்தில் கறவையா, சினையா, எத்தனையாவது ஈற்று என்று அச்சடித்த கட்டங்கள். புரட்டினால், கம்பத்தில் டயர் கடை மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் மந்திரவாதி ஒருவர் வெற்றிலையில் மை தடவிக் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருப்பார். தாள் முழுக்க மருந்து நெடி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை விரித்துவைத்து டைப் செய்ய உட்கார்ந்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். "ஆஸ்பத்திரியில வேற தாளே இல்லையா சார்?" என்று கேட்டால், "புஸ்தகத்துல வாடை வராதும்மா, நீ வேலையப் பாரு" என்பார்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். சின்னமனூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு வாழைத்தார் வியாபாரம். அவர் கடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்தான் கடை. கல்யாணப் பத்திரிகை, சடங்கு அழைப்பு, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் கை பட்டுத்தான் சுவருக்குப் போகும். வேகத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. கவனத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒருமுறை ஒரே முகூர்த்தத்துப் பத்திரிகைகள் இரண்டில் மணப்பெண்களின் பெயரை மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே நேரத்தில் கடை வாசலில் வந்து நின்றார்கள். அதிலிருந்து, என் கடைத் தாளில் பெயர் மாறியிருந்தால் ஊரில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

கம்பவுண்டருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. முரட்டு மாட்டை ஒற்றை ஆளாக அமுக்கிப் பிடிக்கிற கை, எழுதினால் எறும்பு போலப் பொடி எழுத்து. மதுரையில் ஒரு சின்னப் பதிப்பாளர் அவருடைய நாவல்களை அவ்வப்போது போட்டுவந்தார். எல்லாவற்றுக்கும் நாயகன் ஒருவர்தான், துப்பறியும் மந்திரவாதி சுருளிநாதன். குமுளியில் ஏலக்காய் மூட்டை காணாமல் போனாலும் சரி, ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தல் எரிந்தாலும் சரி, போலீஸுக்கு முன்னால் சுருளிநாதன் போய் நிற்பார். இடுப்பில் மைச்சிமிழ், தலையோடு போர்த்திய கம்பளி. அந்த முகத்தை யாரும் பார்த்ததில்லை. பதிப்பாளர் தொழிலை விட்டுப் போனதும், கடைசியாக ஒரு நாவலைச் சொந்தமாகவே அச்சடித்துவிடுவது என்று கம்பவுண்டர் முடிவு செய்தார். அதன் முதல் பக்கத்திலேயே சுருளிநாதனைக் கொன்றும் போட்டார்.

செத்த மந்திரவாதி ஆவியாகி, தன்னைக் கொன்றது யார் என்று தானே துப்பறிவதுதான் கதை. கருமாதி வரைக்கும், அதாவது பதினாறு நாள்தான் கெடு. வெற்றிலையில் மை தடவுவதற்கு உயிருள்ள கட்டைவிரல் வேண்டும், அது இல்லை. ஆவி பேசினால் மனிதர் காதில் விழாது, மாடுகளுக்கு மட்டும் கேட்கும். இந்த ஏற்பாட்டில் கம்பவுண்டருக்குத் தனிப் பெருமை. நான் சும்மா டைப் செய்கிற ஆள் இல்லை, வாய் உண்டு. "செவுத்துக்குள்ள நுழைஞ்சு போற ஆவி பஸ் சீட்டுல மட்டும் எப்படி சார் உக்காரும்? பஸ் போயிரும், இவரு ரோட்டுல நிப்பாருல்ல?" என்று கேட்டேன். மனுஷன் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் வந்து, தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் சுருளிநாதனை நடக்கவே விட்டுவிட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே என்னோடு மல்லுக்கட்டியவர் இரண்டே இடத்தில்தான் முகம் மாறினார். ஒன்று, இழவு வீட்டு அத்தியாயம். எங்கள் பக்கம் புருஷன் இறந்தால், பெண்ணின் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து அவள்மேல் போர்த்துவார்கள். கோடி போடுவது என்போம். என்ன பகை இருந்தாலும் அதற்கு வந்தாக வேண்டும். கோடி போட ஆள் வராத பெண்ணைப் பார்த்துத்தான் ஊர் அதிகம் அழும். கதையில் மந்திரவாதியின் மனைவிக்குக் கோடி வரவில்லை. ஆவி வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. "அந்தம்மாவுக்கு அண்ணன் இருக்காகன்னு மூணாம் பக்கத்துல எழுதியிருக்கீகளே சார், ஏன் வரல?" என்றேன். "வரமாட்டாக" என்றார். அடுத்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

மற்றொன்று முடிவு. கொன்றவன் யார் என்று பதினைந்தாம் நாள் சுருளிநாதன் கண்டுபிடித்துவிடுகிறார். பழைய வழக்கொன்றில் இவர் மை போட்டுப் பார்த்து, ஊரறியப் போட்டு உடைத்த ரகசியத்துக்குச் சொந்தக்காரன் அவன். ஆவி அவனைக் காட்டிக்கொடுக்காமலே போய்விடுகிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. "சொல்லாமப் போறதுக்கு எதுக்கு சார் இத்தனை பாடுபட்டுத் துப்பறியணும்?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒருக்கா சொன்னதே போதும்மா" என்றார்.

அந்த ஒருக்கா சொன்னது என்ன என்று அவர் வீட்டுக்கு ப்ரூஃப் கொடுக்கப் போன நாளில்தான் தெரிந்தது. வீட்டில் இரண்டே பேர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, கரண்டியால் சட்டியை ஒரு தட்டுத் தட்டினார். உள்ளறையிலிருந்து கம்பவுண்டர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவி, சைக்கிளை எடுத்து மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போனார். அக்கா கதவைச் சாத்தினார். ஒரு சத்தத்துக்கு ஒரு சத்தம், பேச்சே கிடையாது. ஏழு வருடமாக அந்த வீட்டில் இப்படித்தானாம். பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னார். ஏழு வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு சுருளிநாதன் கதையில், அக்காவின் அண்ணன் இளவயதில் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு மலையேறிப் போய், மறுநாளே பிடித்துக்கொண்டுவரப்பட்ட சங்கதியை இவர் அப்படியே எழுதிவிட்டார். அக்கா ஏதோ ஒரு நாள் மனசுவிட்டு இவரிடம் சொன்னது அது. அண்ணனுக்கு மார்க்கையன்கோட்டை. அங்கே அந்தப் புத்தகம் கைமாறிக் கைமாறிக் கிழிந்தே போனதாம். கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருந்த மனிதரைக் கதையில் வந்த பெயரைச் சொல்லி விடலைகள் கூப்பிட்டார்கள். "இனி அவன் செத்தாத்தான் அந்த வாசலை மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அக்காவுக்குப் பிறந்த வீடு போனது. அக்கா பேச்சை நிறுத்தியதும் அன்றைக்குத்தான்.

ஆவியின் குரல் மனிதருக்குக் கேட்காது என்று அவர் எழுதியதை நான் வெறும் கற்பனை என்று நினைத்து டைப் செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில், விளம்பரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போலவே ஒன்று போடலாம் என்று கம்பவுண்டர் சொன்னார். கறுப்புக் கரை, மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் உருவம், கீழே சுருளிநாதன் பெயர், அதற்கும் கீழே 'தன் கொலையைத் தானே துப்பறியும் நாவல், விரைவில்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. "உருவம் மட்டும் இருட்டா இருக்கட்டும். முகம் தெரியக் கூடாது" என்றார். இருட்டு உருவத்துக்கு நான் எங்கே போவேன்? முகூர்த்த மாதம், தலைக்குமேல் வேலை. பின் அட்டைக்கென்று அவர் கொடுத்த அவருடைய படமே கம்ப்யூட்டரில் இருந்தது. அதை எடுத்து, நிழல் மாதிரிக் கறுப்பாக்கி, வட்டத்துக்குள் வைத்து, தேனி அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்தவன் நல்ல மனசுக்காரன். செத்தவர் முகம் இப்படி இருண்டு கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, வெளிச்சத்தைக் கூட்டிப் பளிச்சென்று அடித்துவிட்டான். "இறந்தவுக முகம் சனங்களுக்குத் தெரியணும்ல அக்கா" என்று பிறகு என்னிடமே நியாயம் பேசினான். கட்டு பிரிக்காமல் நேராக போஸ்டர் ஒட்டுகிறவரிடம் போனது. அவர் விடிந்ததும் விடியாததுமாக ஊரெல்லாம் ஒட்டி முடித்துவிட்டார். முகத்தைப் பார்த்த பிறகு கீழே இருந்த பொடி வரியை யார் படிக்கப்போகிறார்கள்?

நான் கடையைத் திறந்தபோது பால் சங்கத்துக்காரர் ஒருவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "ஆத்தா, கம்பவுண்டருக்கு எங்க சங்கத்துச் சார்பா ஒரு அஞ்சலி போஸ்டர் அடிக்கணும். பெரிய சைஸா இருக்கட்டும்."

"எந்தக் கம்பவுண்டருக்கு?"

"இது என்ன கேள்வி? ஊரு பூரா நீ அடிச்ச போஸ்டர்தான ஒட்டியிருக்கு. பேரைத்தான் வழக்கம்போல மாத்திப் போட்டுட்ட. பரவால்ல, படம் சரியா இருக்கு."

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டு முன்னால் அதற்குள் சாமியானா போட்டிருந்தார்கள். பெஞ்சில் ஆண்கள். மலையில் இறந்துவிட்டார், உடலைக் கீழே கொண்டுவருகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு பாதி சரிதான். கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு முந்தின நாளே அவர் மேகமலைக்குப் போயிருந்தார். அங்கே செல்போன் எடுக்காது. உள்ளே பெண்கள் நடுவில் அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அழாததைப் பற்றி இரண்டு பேர் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா எப்படி அழுவார்? புருஷன் நேற்று எங்கே போனார் என்றே அவருக்குத் தெரியாது. மணிச்சத்தம் கேட்டது, கதவைச் சாத்தினார், அவ்வளவுதான். சாகவில்லை என்று மறுக்கவும் அவரிடம் ஒன்றும் இல்லை, செத்தார் என்று நம்பவும் ஒன்றும் இல்லை.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, சார் உசுரோட இருக்காக. மலையில முகாமுக்குப் போயிருக்காக. சாயங்காலத்துக்குள்ள வந்துருவாக. தப்பு பூரா என்மேலதான்" என்று அழுதேன்.

அக்காவின் கண் என்மேல் நின்றது. "முகாமுக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாக."

சொன்ன பிறகுதான் உறைத்தது. போஸ்டரில் செய்ததைவிட இது பெரிய தப்பு. அக்கா மெதுவாகக் கையை உருவிக்கொண்டு, "சரி, உன்கிட்டயாவது சொல்லிட்டுப் போனாகளே" என்றார். உயிரோடு இருக்கிறார் என்ற சேதியைக் கேட்ட பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

விஷயம் தெரிந்து கூட்டம் கலையத் தொடங்கியது. பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். அப்போதுதான் மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அக்காவின் அண்ணன் இறங்கினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, கையில் தாம்பாளம், அதில் மாலையும் கோடிச்சேலையும். சுமங்கலி இருக்கிற வீட்டு வாசலில் கோடி வந்து நின்றால் எப்படி இருக்கும்? பெண்கள் "ஐயோ, உள்ள கொண்டு வராதீக" என்று கத்தினார்கள். அந்தம்மா பதறித் தாம்பாளத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வேனுக்குள் ஏறிவிட்டார். அண்ணனுக்கு விவரம் சொன்னார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை. "அவன் வரட்டும். ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டுத்தான் போவேன்" என்றார். இன்றோடு எல்லாம் அறுந்துபோகும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருடத்தில் அண்ணனுக்குத் தலை நரைத்துப் போயிருந்தது.

மூன்று மணிக்கு மேல் மேகமலை பஸ்ஸில் கம்பவுண்டர் வந்து இறங்கினார். கடைத்தெருவில் இரண்டு பேர் அவரைக் கண்டு ஒதுங்கினார்களாம். அவர் அதைக் கவனிக்கவில்லை, சுவர்ப் பக்கமும் பார்க்கவில்லை. தெருமுனையில் திரும்பியதும் அவர் கண்ணில் பட்டது தன் வீட்டு வாசலில் சாமியானா, அதற்குக் கீழே தன் மைத்துனர். சாவுக்கல்லாமல் வரமாட்டேன் என்றவர் வந்திருக்கிறார். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு ஆள். மருந்துப் பெட்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு அந்த மனுஷன் ஓடிவந்தார். பொதுவாக எங்கள் பக்கத்து ஆண்கள் அந்த வயதில் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அவர் அக்காவின் பெயரைச் சொல்லி, குரல் உடைந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

அக்கா கதவைத் தாண்டி வெளியே வந்தார். "நான் இங்கன இருக்கேன். எங்க போறோம்னு சொல்லிட்டுப் போக வாயில்லையா?"

ஏழு வருடத்துக்குப் பிறகு அக்கா அவரிடம் கேட்ட முதல் கேள்வி. கம்பவுண்டர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அண்ணன் எழுந்து வந்தார். "மாப்ள, நீ செத்துட்டேன்னுதான் வந்தேன். உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா இந்தத் தெருவுல கால் வச்சிருக்க மாட்டேன்."

"தெரியும் மச்சான். நான் செத்தாக்கூட நீங்க வரமாட்டீகன்னுதான் எழுதி வச்சிருந்தேன்."

"ஏய், அதையும் எழுதிட்டியா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. "எழுதியிருக்காகண்ணே. மேசைமேல கிடந்துச்சு, படிச்சேன். எனக்குக் கோடி போட நாதியில்லைன்னு வாசல்ல நின்னு அழுகுறதா எழுதியிருக்காக" என்றார். சொல்லிவிட்டு அண்ணன் முகத்தையே பார்த்தார். பெரியவருக்கு வாய் கோணியது. துண்டை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "நாதியில்லாமலா போச்சு? அப்படி விட்டுருவேனா ஆத்தா?" என்றார்.

கொண்டுவந்த கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஆற்றில் விடவேண்டும் என்று ஒரு கிழவி சொன்னார். அண்ணன் வேனிலிருந்து சேலையை எடுத்துக்கொண்டு முல்லையாற்றுக்கு நடந்தார். பத்தடி விட்டு கம்பவுண்டர் பின்னாலேயே போனார். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் தலைமுழுகி, ஈர வேட்டியோடு சேர்ந்து வந்தார்கள். ஆற்றங்கரையில் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு நாள் நான் துருவிக் கேட்டதற்கு, "அது எழுதுறதுக்கு இல்லம்மா" என்று முடித்துவிட்டார். நானும் இப்போது ஒருவர் வீட்டுச் சங்கதியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் அச்சுக்கு அனுப்புகிறேன். அப்படியும் யார் பெயரையும் போடவில்லை.

இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது எங்கள் பக்கம் போய்வருகிறேன் என்று சொல்ல மாட்டோம். சொல்லாமல்தான் எழுந்து போகவேண்டும். அண்ணன் காபியைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டினார். அவர் வந்தது இழவுக்கு, கோபமும் இன்னும் ஆறியிருக்காது. என்ன செய்யப்போகிறார் என்று எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் தங்கையிடம் திரும்பி, "போயிட்டு வாறேன் ஆத்தா" என்றார். பிறகு, வேண்டாவெறுப்பாகத்தான், "வாறேன் மாப்ள" என்றார்.

மறுநாள் கம்பவுண்டர் கடைக்கு வந்து, என்னைத் திட்டுவார் என்று நான் காத்திருக்க, இழவு வீட்டு அத்தியாயத்தைக் கம்ப்யூட்டரில் திறக்கச் சொன்னார். ஒரே ஒரு வரி சேர்த்தார். தெருமுனையில், கையில் தாம்பாளத்தோடு, வெயிலில் ஒருவர் வருகிறார். அவ்வளவுதான். புத்தகம் வந்தது. அந்தப் போஸ்டர் புண்ணியத்தில் சின்னமனூரில் மட்டும் நன்றாக விற்றது. மற்ற ஊர்களில் விற்காத கட்டுகள் அவர் வீட்டுப் பரணுக்குப் போயின. அதற்குப் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. ஏன் என்று கேட்டால், வீட்டில் பேச ஆள் இருக்கும்போது யாருக்காக எழுதுவது என்று என்னையே மடக்குவார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவர் எழுதாமல் போனதில் நல்ல வாடிக்கை ஒன்று போனதோடு, சண்டை போடவும் ஆளில்லாமல் போனது.

ஆறேழு வருடம் கழித்து, ஒரு மத்தியானம், தேனிப் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கம்பவுண்டர் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். இந்த முறை நிஜம். போஸ்டர் அடிக்கச் சொல்லி வந்தார்கள். கை ஓடவில்லை, வேறு கடைக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போனபோது அண்ணன் கோடியோடு முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் அக்காவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், தேனிக்கு எதற்குப் போனார், என்ன ஆயிற்று என்று. அக்கா ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சளைக்கவே இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கும் சொன்னார்.

"கண்ணு காட்டத் தேனிக்குப் போறேன், ரெண்டு மணி பஸ்ஸுக்கு வந்துருவேன், குழம்பைச் சுண்ட விட்டுராதன்னு என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாக."